மச்சில் கிடந்த துப்பாக்கிக்கு 40 லட்சமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது மச்சில் அவருடைய நீளத் துப்பாக்கி கிடைத்தது. விசைக்குப் பக்கத்துத் தகட்டில் ஒரு கிரீடமும் '1858 டவர்' என்ற எழுத்தும் இருக்கின்றன. 40 லட்சம் போகும் என்று ஒரு தரகர் சொல்கிறார்; டெஸ்டிங் செலவுக்கு 25,000 கேட்கிறார். 100 வருடம் தாண்டினால் லைசென்ஸ் வேண்டாமாமே?

பதில்: அந்த 25,000-தான் அவருடைய வியாபாரமே. இரிடியம் கலசம் என்று அலைந்த கூட்டம் இப்போது துப்பாக்கிப் பக்கம் வந்திருக்கிறது. போன வருடம் ஒருவர் என் கடையில் போட்டோ காட்டினார், 'கட்டபொம்மன் படையில் இருந்தது' என்று. படத்தில் கேப், அதாவது அடித்ததும் பொறி தட்டும் சின்ன உலோக மூடி, அதை மாட்டும் நிப்பிள் என்ற முனை பளிச்சென்று தெரிகிறது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-இல். அப்போது இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கேப் வந்ததே அதற்கு அப்புறம்தான்.

டவர் என்பது லண்டன் டவர். பிரிட்டிஷ் அரசுத் துப்பாக்கிகளில் அடித்த முத்திரை. 1858 என்றால், குழலும் 39 அங்குலம் இருந்தால், அநேகமாக என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. லட்சக்கணக்கில் செய்தவை, அபூர்வம் ஒன்றுமில்லை. குழலுக்குள் மூன்று வரி, அதாவது குண்டைச் சுழற்றிவிடும் பள்ளம், ஓடினால் மதிப்பு கூடும். வழவழவென்று இருந்தால், 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரி போடாமல் கொடுத்த வகையாகவோ, யாரோ வேட்டைக்காகக் கடைந்ததாகவோ இருக்கும். ஆனால் நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம், கருமருந்துக்கு வயசாவதில்லை. புளியோ உப்புத்தாளோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். விலையே அந்த முத்திரையில்தான் இருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்தில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, உண்மை. ஆனால் அதைச் சுடப் பயன்படுத்தவே முடியாது என்று இருக்க வேண்டும். 'ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும்' என்று சட்டமே சொல்கிறது. துரு ஏறியது போதாது. விசை உடைந்தது போதாது. கொல்லர் ஒரே நாளில் சரிபண்ணிவிடுவார். வயசு மட்டும் எதையும் காப்பாற்றாது. உங்களுடையது மச்சில் சும்மா கிடந்ததே தவிர, செத்துப்போன துப்பாக்கி இல்லை.

வெளிநாட்டு ஏல விலையைக் காட்டி மயக்குவார்கள். 100 வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க 1972-ஆம் வருடச் சட்டம் விடாது. அந்த விலை உங்களுக்கு இல்லை. உள்ளூரில் லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும். அவர் தருவது லட்சங்களில் இருக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் எடுங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் முதலில் வக்கீல். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி அங்கேயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். அப்புறம் வாரிசு என்று உங்கள் பெயருக்கு விண்ணப்பம். தாலுகா, ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று ஃபைல் சுற்றிவரும். எந்த மேஜையில் தூங்குகிறது என்று நீங்கள்தான் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். ஒப்படைத்ததைத் திரும்ப வாங்கவோ விற்கவோ உள்ள கெடு தாண்டினால் மட்டும் பறிமுதல் என்று சட்டம் விழித்துக்கொள்ளும்!

ரசீதில் 'பழைய துப்பாக்கி 1' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். தேர்தலுக்கு ஒப்படைத்த என் இரட்டைக் குழல் ஒருமுறை வேறொருவர் துப்பாக்கியின் மரக்கட்டையோடு திரும்பி வந்தது. கிரீடம், 1858, டவர், குழல் நீளம், கட்டையில் எங்கே கீறல், அத்தனையும் எழுதி வாங்குங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.