வலியே இல்லாத நாலு ஞானப்பல்லையும் இப்போதே எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் முடிக்கப் போகிறான். பல்லுக்குப் போட்டிருந்த கிளிப்பைப் போன மாதம்தான் கழற்றினோம். அப்போது எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், நாலு ஞானப்பல்லும் உள்ளே இருக்கிறது, விட்டுவைத்தால் முன்பல்லை நெருக்கித் திரும்பவும் கோணலாக்கிவிடும், லீவிலேயே முழு மயக்கம் கொடுத்து நாலையும் எடுத்துவிடலாம் என்கிறார். பையனுக்கு வலி, வீக்கம் எதுவுமே இல்லை. மேல்பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்று அவனுடைய அமுச்சி (பாட்டி) ஒரே பிடியாக நிற்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அமுச்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் நான் வேறு என்ன சொன்னாலும் உங்கள் வீட்டில் எடுபடாது. பல்வலியை உணர்த்துகிற நரம்பு வேறு, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் கண் கெடாது. பல் ஆட்டம் கண்டு பிடுங்குகிற வயதும் கண்ணில் புரை விழுகிற வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நம் ஊரில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அமுச்சி சந்தேகப்பட்டதில் தப்பில்லை, பட்ட இடம்தான் வேறு. முன்பல் நெருங்கிவிடும் என்ற ஒரே காரணத்துக்காக ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞானப்பல் முளைக்கவே முளைக்காதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. கிளிப் கழற்றியதும் ஒரு ரீட்டெய்னர் கொடுத்திருப்பார்களே, அதைப் பையன் சொன்னபடி போடுகிறானா என்று பாருங்கள். பல் பழையபடி திரும்பாமல் காப்பது அதுதான். நிறையப் பிள்ளைகளுக்கு அது டப்பாவிலேயே தூங்குகிறது.

சரி, அப்படியானால் டாக்டர் ஏமாற்றுகிறாரா? அப்படியும் சொல்ல முடியாது. 16, 17 வயதில் ஞானப்பல்லின் வேர் பாதிதான் வளர்ந்திருக்கும், கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்பிலிருந்து தள்ளியிருக்கும், எலும்பும் அவ்வளவு இறுகியிருக்காது, அதனால் எடுப்பதும் சுலபம், புண்ணும் சீக்கிரம் ஆறும். இதே வேலையை 38 வயதில் செய்வது வேறு கதை. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற ஒருவர் என்னிடம் வந்தார், ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் முட்டிக்கொண்டு, நடுவில் சோறு சிக்கிச் சிக்கி அந்த நல்ல பல்லும் அடியோடு சொத்தை. கடைசியில் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சில டாக்டர்கள் முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இதில் உலகமே இரண்டு கட்சி. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போவதற்குள் எடுத்துவிடுவது வெகு சகஜம். பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, கோளாறு இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்துங்கள் என்று 2000-லேயே சொல்லிவிட்டது. தொந்தரவே தராத பல்லை எடுப்பதுதான் நல்லது என்றோ விடுவதுதான் நல்லது என்றோ அடித்துச் சொல்லப் போதுமான ஆய்வு இரண்டு பக்கமும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், 'நாலையும்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் காரணம் வேண்டும். முழுத் தாடையும் தெரிகிற அந்த எக்ஸ்ரேயை, அதாவது ஓபிஜி படத்தை, வெளிச்சத்தில் வைத்து, "இந்தப் பல்லை எதற்காக எடுக்கணும்னு விரல் வெச்சுக் காட்டுங்க சார்" என்று நாலு தடவை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுக்கப் போவது நீங்கள். பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தெரிகிறது, முன்னால் இருக்கிற கடைவாய்ப்பல்லின் வேரை அரிக்கிறது, அல்லது படுத்த வாக்கில் அதன்மேல் முட்டுகிறது என்று காட்டினால் அந்தப் பல்லை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக, இடம் இருந்து, மேலே வரத் தயாராக நிற்கிற பல்லை எதற்கு எடுக்க வேண்டும்?

அப்புறம் இதையும் கேளுங்கள்: கீழ்ப்பல்லின் வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கம்? நரம்பில் பட்டுவிட்டால் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், நிரந்தரமாகத் தங்குவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் அந்த ஒருவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். முழு மயக்கம் கட்டாயமும் இல்லை. ஒன்றிரண்டு பல் என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டே எடுக்கலாம், நாலையும் ஒரே நாளில் எடுப்பதானாலும் பையன் பயந்த சுபாவமாக இருந்தாலும்தான் மயக்கம் பற்றிப் பேச்சே வரும். அப்படிக் கொடுப்பதென்றால் மயக்க மருத்துவர் கூடவே இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

படத்தில் கோளாறு எதுவும் இல்லையென்றால் இந்த லீவை விட்டுவிடலாம். வருஷம் ஒரு தடவை வாயைக் காட்டுங்கள், 18 வயது வாக்கில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள், அதற்குள் பல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு டாக்டரிடம் கேட்க நினைத்தால் இதே படத்தைக் கொண்டுபோங்கள், புதிதாக எடுக்க வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு.

இடையில் கடைசி ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல், காய்ச்சலோடு எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருந்தால் கிராம்பு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விட வேண்டும்.

ஒருவேளை எடுப்பதென்றே முடிவானால், முதல் நாள் வாய் கொப்பளிக்கக் கூடாது, ஓயாமல் எச்சில் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு ஜூஸ் உறிஞ்சக் கூடாது. குழியில் உறைகிற ரத்தம் பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் வருகிற வலி பயங்கரமானது. அரிசிம்பருப்பு சோற்றை நன்றாகக் குழைய விட்டு, ஆறவைத்துக் கொடுங்கள். அதை அமுச்சி பார்த்துக்கொள்வார்.