டெபோரா பாறையில் காத்திருந்தது

அன்புள்ள ஐயா,

பழைய எட்டு பிட் ஆட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில், சைமன் என்பவன் சவுக்கோடு டிராகுலாவின் கோட்டைக்குள் நுழையும் ‘கேசில்வேனியா’வை மூன்று வாரம் விளையாடி முடித்தேன். முடித்த இரவு தூக்கமே வரவில்லை. அதே வேகத்தில் இரண்டாம் பாகமான ‘சைமன்ஸ் குவெஸ்ட்’டைத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்திலேயே வழி தெரியாமல் நின்றுவிட்டு, வழிகாட்டிக் குறிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடித்தேன். பகல் இரவாகும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் நின்றுபோகிறது. கடைசியில் டிராகுலா ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ரசிகர்களுக்குச் செய்த துரோகமாகவே இதை நினைக்கிறேன். நன்றாக அமைந்த ஒன்றை ஏன் இப்படிக் கெடுக்கிறார்கள்? மூன்றாம் பாகத்தை விளையாடலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் இதே ஆட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய பெட்டி ஒன்றை ஒழித்தபோது அதன் அடியில் என் அண்ணனின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றாம் பாகம் 1989இல் வந்தது, நல்ல ஆட்டம், தாராளமாக விளையாடுங்கள். இரவு வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அதை அறிவிக்கும் வாசகம் கட்டத்துக்குள் எழுத்து எழுத்தாக விழுவது எரிச்சலானதுதான். அதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தங்கக் கத்தியை விடாமல் எறிந்தால் டிராகுலாவால் அசையவே முடியாது என்பதும் உண்மை. ஆனால் அவனிடம் போய்ச் சேரும்வரை அந்தக் கோட்டையில் ஓர் எதிரிகூட இல்லாத வெறுமை எனக்கு என்றுமே பிடித்திருக்கிறது.

‘துரோகம்’ என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் பாகம் 1986 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. 11 மாதங்களில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அதே கோட்டையை நிறம் மாற்றி மறுபடியும் விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்து, ஊர்களையும் காடுகளையும் ஐந்து மாளிகைகளையும் படைத்து, சாபத்துக்கு ஆளான சைமனை அவனுடைய எதிரி டிராகுலாவின் விலா எலும்பையும் இதயத்தையும் கண்ணையும் நகத்தையும் மோதிரத்தையும் தேடி அலைய வைத்தார்கள். எத்தனை நாளில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்படி செய்தார்கள். இவ்வளவு துணிந்தவர்களைத் துரோகி என்று சொல்ல, மூன்று வாரம் விளையாடிய உங்களுக்கு உரிமையில்லை. எரிச்சல் வேறு, தீர்ப்பு வேறு.

அதேபோல, இந்த விதையிலிருந்துதான் 1997இல் இதே வரிசையின் புகழ்பெற்ற ஆட்டமான ‘சிம்பொனி ஆஃப் தி நைட்’ முளைத்தது, ஆகவே இரண்டாம் பாகத்தை மன்னித்துவிட வேண்டும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேரன் பெரிய ஆள் ஆனான் என்பதற்காகத் தாத்தா செய்த பிழை இல்லாமல் போய்விடாது. பிழை இருக்கிறது. நீங்கள் சொல்லும் இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

முதல் ஆட்டத்தை நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைகூட யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சைமன் சவுக்கை வீசுவதற்கு முன் கையைப் பின்னால் இழுக்கும் சிறு கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தை மறந்து வீசியபோதெல்லாம் அடிபட்டீர்கள். குதித்துவிட்டால் காற்றில் திசையை மாற்ற முடியாது என்பதை ஒரு பள்ளத்தில் விழுந்து தெரிந்துகொண்டீர்கள். அலைபோல ஏறி இறங்கிப் பறந்து வரும் எதிரியான மெடூசா தலை தோளில் இடித்ததும் சைமன் பின்னால் எறியப்படுவான். பின்னால் தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது அதன் பிறகு உங்கள் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. மரண தேவனுக்கு முந்தைய அந்த நடைக்கூடத்தில், முன்னால் கோடரி எறியும் வீரனும் சுற்றிலும் மெடூசா தலைகளுமாக நீங்கள் எத்தனை முறை செத்திருப்பீர்கள்! ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் உங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. புனித நீரை எறிந்து அந்த வீரனை அசையாமல் நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தபோது வந்த மகிழ்ச்சி முழுக்க முழுக்க உங்களுடையது.

இரண்டாம் பாகத்திலும் அதே சவுக்கு, அதே குதிப்புதான். ஆனால் கற்றுக்கொடுக்கும் வேலையை நிலத்திடமிருந்து பிடுங்கி ஊர்மக்களின் வாயில் கொடுத்துவிட்டார்கள். காட்டில் எதிரிகள் வருவார்கள், அடிப்போம், இந்த ஆட்டத்தின் காசான இதயங்கள் சேரும், 50 இதயங்களுக்கு ஓக் மரத்து ஆப்பு ஒன்றை வாங்குவோம். எங்கே போவது, எதைச் செய்வது என்பதெல்லாம் பேச்சில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சில் பாதி பொய், மீதி ஆங்கிலத்தில் சிதைந்தது. செயலால் ஆன ஓர் ஆட்டம் சொல்லை நம்பி நிற்பதென்றால் அந்தச் சொல் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். சொல்லைக் கொண்டு பிழைக்கும் எனக்கு இது வெறும் ஆட்டத்தின் பிழையாகத் தோன்றவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அந்த நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். இரவல் வாங்கிய கேசட்டில் நாங்கள் இதை விளையாடினோம். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. ஊருக்கு ஊர் ஒவ்வொருவரும் சொன்னதை நான் உரக்கப் படிக்க, அண்ணன் எழுதிக்கொள்வான். எட்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நெடுநாள் வாழ, கல்லறைத் தோட்டத்து வாத்திடமிருந்து பட்டுப் பை ஒன்றைப் பெறு. கல்லறைத் தோட்டங்களில் நாங்கள் வாத்தைத் தேடினோம். வாத்து எங்கும் இல்லை. எங்கள் ஆங்கிலத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து அண்ணன் அகராதியைப் புரட்டினான். வாத்தைக் குறிக்கும் ‘டக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குனிதல் என்றும் பொருள் உண்டு என்று கண்டதும் அவன் முகம் மலர்ந்ததை என்னால் இன்றும் பார்க்க முடிகிறது. அன்று மாலை முழுவதும் ஒவ்வொரு கல்லறையின் முன்னாலும் சைமனைக் குனிய வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே பூண்டை வைக்க வேண்டும், வைத்தால் ஒரு மனிதன் தோன்றிப் பையைத் தருவான் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு சொல் தவறாக இருக்கக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அச்சில் வந்ததை அவ்வளவு நம்பிய வயது அது. அந்த நம்பிக்கையோடு ஒரு பையன் அகராதியைத் திறக்கிறான் என்பதை, அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரு நொடியாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு டெபோரா பாறை. பாதை முடிந்து, எதிரே சுவர். செந்நிறப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே மண்டியிட்டு, சில நொடிகள் அசையாமல் இருந்தால் சுழற்காற்று ஒன்று வந்து தூக்கிச் செல்லும். கல்லறைதோறும் குனிந்து பார்த்த எங்களுக்கு, உண்மையிலேயே குனிய வேண்டிய அந்த ஓரிடத்தில் குனியத் தோன்றவில்லை. தலையால் முட்டினால் பாறையில் துளை விழும் என்று ஊரில் ஒருவர் சொன்னதை நம்பி, சுவரில் மோதிக்கொண்டிருந்தோம். பத்து நாள் கழித்து அண்ணனின் வகுப்புத் தோழன் ஒருவன் விடையைச் சொன்னான். படிகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கீழ்ப் பொத்தானை அழுத்தியபடி அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காற்று வந்தது. நான் எழுந்து கத்தினேன்.

அவன் கத்தவில்லை. கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டியபடி தேடினான். “இதை யார் சொன்னாங்க? எங்க சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு புத்தகத்திலிருந்து நாங்கள் எழுதிக்கொண்ட வரி அது: செந்நிறப் படிகத்துடன் டெபோரா பாறையில் ஓர் ஆன்மாவுக்காகக் காத்திரு.

அந்தப் பக்கம் இப்போது என் மேசையில் திறந்து கிடக்கிறது. ‘ஆன்மா’ என்ற சொல்லின் கீழே அவன் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் ‘காற்று’ என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான்.