பயோகாஸில் மெதனோல்: செப்புக் குழாய் போதுமா?

கேள்வி: புத்தூரில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறோம். சாணத்தில் வரும் பயோகாஸ் சமையலுக்குப் போக நிறைய மிஞ்சுகிறது. அதிலுள்ள காபனீரொட்சைட்டை ஐதரசனோடு சேர்த்துச் சூடான செப்புக் குழாய்க்குள்ளால் விட்டால் மெதனோல் என்ற எரியக்கூடிய திரவம் வரும் என்கிறார்கள். கூரையில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது, ஐதரசனை அதிலே எடுக்கலாம். செய்து பார்க்கவா?

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை, இன்றைக்கு உலகத்தில் மெதனோல் செய்வதே பெரும்பாலும் செப்பு ஊக்கியை, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருளை, வைத்துத்தான். ஆனால் அந்தச் செப்பு வேறு, ஏசிக்காரரிடம் வாங்கும் குழாய் வேறு.

ஊக்கி என்பது சில மில்லிமீற்றர் அளவில் கறுப்பு வில்லைகளாக வரும். செப்பொட்சைட்டு, நாகவொட்சைட்டு, கொஞ்சம் அலுமினா. அதை உலைக்குள் போட்டு, ஐதரசனை மிக ஐதாக, மெதுவாக விட்டால் செப்பொட்சைட்டு செப்பாகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக. ஒரு கிராம் வில்லையில் சில பத்துச் சதுர மீற்றர் செப்புப் பரப்பு கிடைக்கும். குழாயின் உட்சுவரில் என்ன பரப்பு இருக்கிறது? தயாரான வில்லையைச் சும்மா காற்றில் எடுத்தால் தானாகவே சூடேறிவிடும், அவ்வளவு துடிப்பானது.

ஏன் செப்பு என்றால், நிக்கல் காபனையும் ஒட்சிசனையும் பிரித்து மெதேனாக்கிவிடும். உங்கள் பயோகாஸில் பெரும்பங்கு இருப்பதே மெதேன்தானே! செப்பு அந்தப் பிணைப்பு எல்லாவற்றையும் உடைக்காது. காபனீரொட்சைட்டைப் பிடித்து முதலில் ஓர் ஐதரசன் ஏறிய போமேற்று என்ற இடைநிலைப் பொருளாக்கி, படிப்படியாக ஐதரசன் ஏற்றி, ஓர் ஒட்சிசனை மட்டும் நீராக வெளியே விடும். காபனோரொட்சைட்டும் சேர்த்து விடும் ஆலைகளில்கூட மெதனோலின் காபன் பெரும்பாலும் காபனீரொட்சைட்டிலிருந்தே வருகிறது என்று காபன் அணுவுக்கு அடையாளம் வைத்துப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். நாகவொட்சைட்டு சரியாக என்ன உதவி செய்கிறது என்பதில் ஆய்வாளருக்குள் இன்னும் சண்டை.

சரி, உங்கள் திட்டம் எங்கே படுக்கும்? கந்தகத்தில். செப்பு நல்ல ஊக்கி என்பது 1920களிலேயே தெரியும். ஆனாலும் 1923இல் ஜேர்மனியில் பாஸ்ஃப் நிறுவனம் தொடங்கிய ஆலை நாகமும் குரோமியமும் கலந்த ஊக்கியைப் போட்டு, 300 பாகைக்கு மேல், 250 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேல் கஷ்டப்பட்டது, ஏனென்றால் நிலக்கரி வாயுவிலிருந்த கந்தகம் செப்பைக் கொன்றுவிடும். வாயுவை நன்றாகச் சுத்தமாக்க முடிந்த பிறகு, 1966இல்தான் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் செப்புக்கு மாறியது. இன்றைக்கும் பத்து மில்லியனில் ஒரு பங்கு கந்தகத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். சாணக் காஸில் கந்தகம் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவாக இருக்கிறது, ஒரு மில்லியனில் நூற்றுக்கணக்கான பங்கு, சிலவேளை ஆயிரத்தையும் தாண்டும். உங்கள் செப்பு எத்தனை நாள் நிற்கும்?

அமுக்கம் அடுத்த வில்லங்கம். 200 பாகைக்குக் கீழே செப்பு அசையாது, 300க்கு மேலே துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துச் செத்துவிடும். இடைப்பட்ட சூட்டில் 50 முதல் 100 வளிமண்டல அமுக்கம் வேண்டும். அதுவும் ஐதரசன், வீட்டில். நினைக்கவே பயமாக இருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ மெதனோலுக்கு 190 கிராம் அளவில் ஐதரசன், 1.4 கிலோ காபனீரொட்சைட்டு. அந்த ஐதரசனை நீரிலிருந்து பிரிக்கவே சுமார் 10 யூனிட் மின்சாரம் போகும். வெயில் நல்ல நாளில் உங்கள் சோலார் தருவது 20 யூனிட் அளவில். ஆக முழுநாள் உழைப்பில் 2 கிலோ மெதனோல், அதை ஜெனரேற்றரில் எரித்தால் 3 யூனிட் திரும்பி வந்தாலே பெரிய காரியம். ஐஸ்லாந்தில் 2012இல் தொடங்கிய ஆலை புவிவெப்ப நிலைய வாயுவில் இதைச் செய்தது, ஆண்டுக்கு 4,000 தொன் அளவில். அங்கே மின்சாரம் மலிவு.

மிச்சக் காஸை அப்படியே ஜெனரேற்றருக்குக் கொடுங்கள். முதலில் கந்தகத்தை எடுக்க, லேத் பட்டறையில் விழும் இரும்புச் சீவலைத் தண்ணீர் தெளித்து நன்றாகக் கறள் பிடிக்கவைத்து, அகலமான பிளாஸ்டிக் குழாயில் அடைத்து அதற்குள்ளால் காஸை விடுங்கள். கறள் கறுப்பானால் மாற்றும் நேரம். கறுத்த சீவல் காற்றுப் பட்டதும் சூடேறித் தீப்பிடிக்கும், ஆகவே நனைத்தபடியே வெளியில் எடுத்து, வைக்கோலுக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் பரப்புங்கள். காஸ் சுத்தமா என்று மட்டும் முகர்ந்து பார்க்காதீர்கள், ஐதரசன் சல்பைட்டு கூடினால் மூக்கு மரத்துவிடும், மணமே தெரியாது.