.22 ரைபிள் சுடுவது சலித்துவிட்டது, கிளப்பை விட்டு விலகிவிடலாமா?

கேட்டவர் ராமநாதபுரம் பக்கம். ரைபிள் கிளப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பொழுதுபோக்குக்காக மட்டும் சுடுகிறார். ஸ்கோர் ஏறவில்லை, அலுத்துவிட்டது என்கிறார்.

விலகாதீர்கள். "போட்டிக்குப் போகாதவனுக்கு எதற்கு ரைபிள்?" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். மாலையில் பீச்சில் வாலிபால் ஆடுகிறவரிடம் எந்த மெடலுக்கு என்று யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி என்றால் மட்டும் கேட்கிறார்கள். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இந்தச் சின்ன .22 தோட்டாவில்தான் (.22 என்பது குண்டின் அகலம், அங்குலத்தில்). அதே தோட்டாவைச் சும்மா சந்தோஷத்துக்குச் சுடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

நீங்கள் சுடும் விதத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. ஞாயிறு பதினொரு மணிக்குப் போவீர்கள். 50 மீட்டரில் ஒரே கறுப்பு வட்டத்தில் நாற்பது, ஐம்பது ரவுண்டு (அதாவது தோட்டா) சுட்டுவிட்டு மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பீர்கள். இதில் மூன்று தப்பு இருக்கிறது: நேரம், எண்ணிக்கை, கூட்டல்.

முதலில் நேரம். நம் கரையில் விடிகாலைக் காற்று மெல்லியது. வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பிவிடும். ஆடியில் கச்சான் வீசும்போது சொல்லவே வேண்டாம். சாதாரண வேகத் தோட்டாவில் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர். பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. காற்றடித்தால் 50 மீட்டரில் அந்தக் குண்டு இரண்டரை, மூன்று செ.மீ. தள்ளிப் போகும். 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான், அடுத்தடுத்த வளையம் எட்டெட்டு மி.மீ. வெளியே. பத்தில் விழ வேண்டியது ஏழுக்குப் போய்விடும். தப்பு உங்கள் கையில் இல்லை. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

போக முடியாது என்றால் காற்றையே ஆட்டமாக்குங்கள். பழைய வேட்டிக் கரையைக் கிழித்து, விரல் அகல நாடா இரண்டை 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் குச்சியில் கட்டிவிடுங்கள். (ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, சுடுவதை நிறுத்திய பிறகு.) பனை ஓலை ஆடுவதைப் பார்த்துக் காற்றைக் கணிக்காதீர்கள், அது முப்பது அடி உயரத்துக் காற்று, குண்டு புல்லுக்கு மேலேதான் போகிறது. உங்களுக்குப் பக்கத்து நாடாவுக்கே அதிக மதிப்புக் கொடுங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் விலகிய குண்டு போகப்போக இன்னும் விலகும். பிறகு "சொல்லி அடி": ட்ரிகர் அழுத்தியவுடன், ஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன்னால், "வலது, எட்டு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் விழுந்தால் ஒரு புள்ளி, பத்தில் விழுந்தும் சொன்னது தப்பென்றால் பூஜ்யம். ஐந்து ரவுண்டு போதும். அந்தக் கணத்தில் சைட் (குறிபார்க்கும் கருவி) எங்கே நின்றது என்பதைக் கண் பிடிக்கத் தொடங்கும்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒருநாளைக்கு 30 ரவுண்டுக்கு மேல் வேண்டாம். முப்பதுக்குப் பிறகு கழுத்தும் கண்ணும் தளர்ந்துவிடும். அதற்குப் பின் போகிற ஒவ்வொன்றும் காசு.

நான் எல்லோருக்கும் சொல்வது பொட்டுக் கோலம். கடையில் விற்கும் ஒட்டுப்பொட்டில் பெரிய மெரூன் அட்டை, 12 மி.மீ. அளவு வாங்குங்கள். ஒரு பெரிய வெள்ளைத் தாளில் 1, 3, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளியாக 13 பொட்டு ஒட்டுங்கள். பொட்டுக்குப் பொட்டு ஆறு செ.மீ. தூரம் 25 மீட்டர். கண்ணுக்கு எட்டவில்லை என்றால் ஒவ்வொன்றையும் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் ஐந்தரை செ.மீ. வட்டம் போடுங்கள், 50 மீட்டரில் கறுப்பு எவ்வளவு தெரியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு தெரியும். ஒருவர் மேல் முனை, ஒருவர் கீழ் முனை, ஆளுக்கு ஒரு குண்டு மாறிமாறி. பொட்டைத் தொட்டால் அடுத்த பொட்டு, தொடாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். நடுப்பொட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தார். .22 குண்டின் அகலம் 5.6 மி.மீ., ஓரம் உரசினாலும் கணக்குத்தான். கூட்டல் கிடையாது, அதனால் நேற்றைய ஸ்கோர் வந்து தொல்லை செய்யாது. இது குழந்தை விளையாட்டு என்று பெரிய ஷூட்டர்கள் யாராவது எழுத வரலாம், 12 மி.மீ. பொட்டை 25 மீட்டரில் வரிசையாகப் பதிமூன்று தொட்டுவிட்டு வந்து எழுதட்டும்.

இதைவிட முக்கியமானது மணலும் உப்பும். உங்கள் சலிப்பில் பாதி இதனால்கூட இருக்கலாம். .22 தோட்டாவை விரலில் உருட்டிப் பாருங்கள், ஈயக்குண்டின் மேல் பிசுபிசுப்பு இருக்கும். அது மெழுகுப் பசை, வெளியேயே பூசியிருக்கிறார்கள். தரையில் விழுந்தால் நம் ஊர் மணல் எள்ளுருண்டையில் எள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதை ஊதிவிட்டு ஏற்றாதீர்கள். சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) கீறல் விழும், வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கும். விழுந்த தோட்டா தனி டப்பாவுக்கு. தோட்டாவை மடியில் கொட்டிக்கொள்ளாமல், துளையிட்ட மரக்கட்டையில் நிறுத்தி வையுங்கள்.

எண்ணெய் அதிகம் விடுவதும் கெடுதல். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, இறுகிப் பசையாகிவிடும். போல்ட்டுக்குள் (சேம்பரைத் திறந்து மூடும் பாகம்) எண்ணெயும் மணலும் சேறானால் ஃபையரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) மெதுவாக அடிக்கும். .22-இல் மருந்து விளிம்பைச் சுற்றி உள்ளே இருப்பதால், விளிம்பு நன்றாக நசுங்கினால்தான் வெடிக்கும். "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தால் துப்பாக்கிக் குழலை (பேரல்) டார்கெட் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக "பொசுக்" என்று வந்தால் அடுத்த ரவுண்டு போடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம், கம்பி விட்டுப் பார்த்தே ஆகவேண்டும். வெறும் சேம்பரில் ட்ரிகர் அழுத்திப் பழகாதீர்கள், ஃபையரிங் பின் சேம்பர் விளிம்பில் மோதும்.

பேரல் உட்புறத்தை வாரம்தோறும் தேய்க்கத் தேவையில்லை. வெளிப்பக்கத்தை மட்டும், உப்புக்காற்றுக்காக, ஒவ்வொரு முறையும் துணியில் மூன்று சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து வையுங்கள். ஸ்பான்ஜ் வைத்த பெட்டிக்குள் பூட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், ஒரு மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும்.

கிளப் வேண்டாம், கடற்கரையில் பாட்டிலை வைத்துச் சுட்டால் ஜாலி என்று இதே கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சட்டப்படியும் குற்றம், புத்திப்படியும் குற்றம். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகும். தண்ணீரில் பட்டால் தவளைக்கல் மாதிரி எகிறும். எதிரே வள்ளத்தில் ஆள் இருக்கும். பறவை பக்கம் திருப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சரணாலயம், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பாட்டில் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அரியமான் கரையில் காலி பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு மணலில் பின்வாங்கிப் பின்வாங்கி நடப்பது தெரியுமா? முன்னால் பார்த்தபடி பின்னால் நடக்கிற கால் அது. கண்ணாடி எங்கே கிடக்கிறது என்று எப்படிப் பார்ப்பார்கள்?

சரி, கணக்கு: ஐந்து ரவுண்டு சைட் பார்க்க, பதினெட்டு கோலத்துக்கு, ஐந்து சொல்லி அடிக்க. மீதி இரண்டில் ஒன்று தப்பினால் கைவசம். கடைசி ஒன்றை எல்லோரும் மிச்சம் வைத்து, நின்றுகொண்டே 25 மீட்டரில் ஒரே பொட்டுக்குச் சுடுங்கள். அதிக தூரம் தள்ளிப் போனவர் எல்லோருக்கும் டீயும் வடையும். வடையைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குண்டிலும் மருந்துப் புகையிலும் ஈயம் இருக்கிறது.