கணினிக் கேள்வி–பதில்: இந்த விசைக்கு எந்தக் கட்டளை?

கேள்வி: ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பானில் கொன்ட்ரோல்-சி கொன்ட்ரோல்-சி அழுத்தினால் நான் எழுதிய கட்டளை ஓடும்படி, தொடக்கக் கோப்பில், விசைக்குப் பொதுவாகக் கட்டளை ஒதுக்கும் குளோபல்-செட்-கீ வரி ஒன்று போட்டேன். மற்றக் கோப்புகளில் ஓடுகிறது. ஓர்க் கோப்பில் (குறிப்பு, பணிப்பட்டியல் எழுத ஈமாக்ஸிலுள்ள ஓர்க் மோடில் திறக்கும் கோப்பு) வேறு ஏதோ நடக்கிறது. எந்த விசை இப்போது எதற்கு என்று எங்கே பார்ப்பது?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: உங்கள் வரியில் பிழை இல்லை. விசை அழுத்தப்பட்டதும் ஈமாக்ஸ் பல கீமேப்களை (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியல்களை) வரிசையாகத் தேடும். பொதுவாக மைனர் மோட்களுடையவை (கூடுதல் வசதிகள்) முதலில், அடுத்து மேஜர் மோட் (கோப்பு வகைக்குரிய முறை), கடைசியில் குளோபல் (எல்லாவற்றுக்கும் பொதுவானது). முதலில் அகப்படுவதே ஓடும். நீங்கள் எழுதியது கடைசிப் படியில் இருக்கிறது. ஓர்க் ஒரு மேஜர் மோட், அதற்கு முன்னாலேயே மறித்துவிடுகிறது.

இதை நீங்களே உறுதிசெய்யலாம். ஓர்க் கோப்பில் கர்சரை வைத்து கொன்ட்ரோல்-எச், அதை விட்டதும் கே அழுத்தி, பிறகு சந்தேகமான விசைகளை அழுத்துங்கள். கட்டளையின் பெயரோடு, அது ஓர்க்கின் கீமேப்பான ஓர்க்-மோட்-மேப்பில் இருக்கிறது என்றும் காட்டும். எந்த மேப் என்ற அந்தத் தகவல்தான் உங்களுக்கு வேண்டியது. முழுப் பட்டியலும் வேண்டுமானால் கொன்ட்ரோல்-எச் பி. அதில் உங்கள் கட்டளையும் குளோபல் பகுதியில் இருக்கும், ஆனால் மறைக்கப்பட்டது என்ற குறிப்போடு. பட்டியல் நீளமானது, கொன்ட்ரோல்-எஸ் கொண்டு தேடுங்கள். கொன்ட்ரோல்-சி-யில் தொடங்குபவை மட்டும் போதுமென்றால் கொன்ட்ரோல்-சி அழுத்தி, உடனே கொன்ட்ரோல்-எச் அழுத்துங்கள். கட்டளையின் பெயர் தெரிந்து விசை தெரியாவிட்டால் கொன்ட்ரோல்-எச் டபிள்யூ.

பலர் தவறுவது ஓரிடத்தில்: உதவிச் சாளரத்துக்குள் கர்சர் போனபின் மறுபடி கேட்கிறார்கள். அப்போது கிடைப்பது உதவிச் சாளரத்தின் விசைகள். ஒரே கோப்பிலும் இடத்துக்கு இடம் பதில் மாறலாம். இணைப்பு, பொத்தான் போன்றவற்றின் எழுத்துகளுக்கே தனிக் கீமேப் இருக்கும். பிரச்சினை வரும் அதே இடத்தில் நின்று கேளுங்கள்.

ஓர்க்-மோட்-மேப்பிலேயே உங்கள் கட்டளையைப் போடலாம். ஓர்க் ஏறுமுன் அந்த வரி ஓடினால் அப்படியொரு மாறி இல்லை என்று பிழை வரும். அதனால் ஓர்க் ஏறியபின் மட்டும் ஓடவைக்கும் வித்-இவல்-ஆஃப்டர்-லோட்டுக்குள் எழுத வேண்டும். ஆனாலும் இந்த விசையில் அதைச் செய்யாதீர்கள். ஓர்க்கில் செக்பொக்ஸைக் குறிப்பதும் அட்டவணையைச் சீராக்குவதும் இதே விசைதான், அவற்றை இழப்பீர்கள். கொன்ட்ரோல்-சி-க்குப் பின் தனி எழுத்து ஒன்று, அல்லது எஃப்5 முதல் எஃப்9 வரையான விசைகள், மரபுப்படி பயனருக்கென்றே விடப்பட்டவை. ஒழுங்காக எழுதப்பட்ட மோட் எதுவும் அவற்றைத் தொடாது.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் கொன்ட்ரோல்-எக்ஸ் கொன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படுவதில்லை. கீழ்வரியில் கொன்ட்ரோலோடு ஒரு தமிழ் எழுத்தும் ‘அன்டிஃபைன்ட்’ என்ற சொல்லும் வருகின்றன.
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: உங்கள் இயங்குதளத்தின் விசைப்பலகை தமிழில் நிற்கிறது. எக்ஸ் விசையை அழுத்தினாலும் ஈமாக்ஸுக்குப் போவது அந்த இடத்துத் தமிழ் எழுத்து. அப்படியொரு விசைக்குக் கட்டளை எதுவும் இல்லை. இயங்குதளத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு ஈமாக்ஸின் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். கொன்ட்ரோல்-எக்ஸ், என்டர், கொன்ட்ரோல்-பின்சாய்கோடு என்று வரிசையாக அழுத்தி, தமிழ்-ஐட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் என்பதன் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். முன்னது ஒலிப்படி அடிப்பது. பிறகு கொன்ட்ரோல்-பின்சாய்கோடு ஒன்றே தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றும். எழுத்துகள் தமிழில் விழும், கொன்ட்ரோல் விசைகள் பழையபடி வேலை செய்யும். எந்த எழுத்து எங்கே என்பதற்குக் கொன்ட்ரோல்-எச், பெரிய ஐ.

கேள்வி: கொன்ட்ரோல்-எச் கே அழுத்தி ஆல்ட்-டாப் கொடுத்தேன். பதிலே இல்லை.
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: அந்த விசை ஈமாக்ஸை அடையவே இல்லை, சாளரம் மாற்ற இயங்குதளம் எடுத்துக்கொண்டது. கொன்ட்ரோல்-எச் எல் அழுத்தினால் அண்மையில் வந்து சேர்ந்த விசைகள் தெரியும். அதில் இதைக் காணமாட்டீர்கள். பதிலாக எஸ்கேப் அழுத்தி விட்டு டாப் அழுத்துங்கள், அல்லது கொன்ட்ரோல்-ஆல்ட்-ஐ. சில டேர்மினல்களில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் உதவி திறக்கும். பேக்ஸ்பேஸுக்கும் கொன்ட்ரோல்-எச்சுக்கும் ஒரே குறியீடு போவதே காரணம். கொன்ட்ரோல்-எச் சிக்கல் தருமிடத்தில் எஃப்1 அதே வேலையைச் செய்யும்.