சொளவா, முறமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நான் பாளையங்கோட்டைல பி.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கேன், ஊரு முக்கூடல். பீடி சுத்துற பொம்பளைங்களப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தேன், யாரு வேணும்னாலும் இத எழுதிருக்கலாம், உன் குரலே இதுல இல்லன்னு மிஸ் சொல்லிட்டாங்க. மடில வச்சு பீடி சுத்துறத சொளவுன்னு எழுதுன இடத்துல சிவப்பு மையில முறம்னு திருத்தியும் இருக்காங்க. எனக்குன்னு ஒரு நடை எப்படி வரும்? கட்டுரைய இதோட அனுப்பிருக்கேன். போன வாரமே அனுப்பணும்னு இருந்தேன், அம்மைக்கு ஆயிரம் பீடி முடிக்கணும்னு கூட உக்காந்து நூல் கட்டிக் குடுத்துட்டு இருந்தேன், அம்மைக்கு கண்ணு சீரியல்ல இருக்கும் விரலு அதுபாட்டுக்கு சுத்திட்டே இருக்கும், நான் சீரியலப் பாத்தா மட்டும் முடிச்சு அவுந்துரும். லேட்டுக்கு மன்னிக்கணும்.

- ஒரு மாணவி

தங்கச்சி,

கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், கடிதத்த நாலு தடவ படிச்சேன். கட்டுரை 'வறுமையின் கோரப்பிடியில்'னு ஆரம்பிக்குது. அந்தக் கோரப்பிடி பட்டிமன்றத்துலயும் இருக்கு, ஸ்கூல் பேச்சுப்போட்டிலயும் இருக்கு, அதுக்குள்ள உங்க அம்மையத் தேடுனேன், காணும். லேட்டானதுக்கு மன்னிப்பு கேக்கப்போயி நாலு வரி எழுதிருக்க பாரு, அதுல அப்படியே உக்காந்துருக்காங்க. நான் பாத்தா மட்டும் முடிச்சு அவுந்துரும்னு சொன்னேல்லா, அங்க எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிட்டு. அம்மை எத்தன வருஷமா சுத்துதாங்கன்னு நீ சொல்லவே இல்ல, ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சு. எழுதுறோம்ங்கற நெனப்பே இல்லாம எழுதிருக்க, அதான் உன் குரல் வந்துட்டு.

முறமும் நல்ல சொல்லுதான், ஆனா உங்க அம்மை மடில இருக்கது சொளவு, அத மாத்தாத. அதுக்காக வரிக்கு வரி ஏலே, மக்கா, சவம்னு தூவுனா குரல் வந்துரும்னும் நெனச்சிராத, நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேரு இப்போ அப்படி எழுதுதாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. இடைசெவல எடுத்துக்க, கோவில்பட்டி பக்கம், 1986-ல தூத்துக்குடி பிரிஞ்சு போறவரைக்கும் நம்ம திருநெல்வேலி மாவட்டந்தான். எழுத்தாளருங்க கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அதே ஊரு, சின்னப் பிள்ளைலேந்து சேக்காளிங்க, ஒரே கரிசல் மண்ணு, காதுல விழுந்த பேச்சும் ஒண்ணுதான். கி.ரா. திண்ணைல உக்காந்து சொல்லுத மாதிரி பேச்சுலயே எழுதுவாரு, ஊர்ச் சொல்லெல்லாம் சேத்து அகராதியே போட்டவரு. அழகிரிசாமி கதை சொல்லும்போது அமைதியான பொதுத்தமிழ்தான், சத்தத்தக் கூட்டவே மாட்டாரு, ஒரு சின்னப்பிள்ளை மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கறதுலயே இருப்பாரு. ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி விருது கிடைச்சுது, அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991. ரெண்டு பேரையும் படி, பிடிச்ச பக்கத்த நோட்டுல கையால எழுதிப் பாரு, அவங்க சாயல் கொஞ்ச நாளைக்கு ஒட்டும், ஒட்டட்டும், பயப்படாத.

இப்போ கட்டுரைய திருப்பி எடு. முதல் பத்தியத் தூக்கிரு, சொளவுலேந்து ஆரம்பி. முடிச்சு அவுறுத இடத்துல அவசரப்படாம நின்னு எழுது, நூலு என்ன கலரு, மடக்கி மடக்கி நகம் என்ன ஆகுது, அவுந்தா அம்மை என்ன சொல்லி ஏசுவாங்க. எழுதிட்டு அவங்களுக்கே சத்தமா வாசிச்சுக் காட்டு, எந்த இடத்துல 'அப்படி இல்லட்டி'ன்னு குறுக்க விழுதாங்களோ அத அவங்க சொன்ன மாதிரியே மாத்து. அப்புறம், பீடிக் கடைல சரியில்லன்னு கழிச்சுப் போட்ட பீடியப் பத்தி ஒத்த வரிதான் எழுதிருக்க. அன்னைக்கு ராத்திரி வீட்ல என்ன பேச்சு நடந்துச்சுன்னு எழுதி அனுப்பு, காத்துட்டு இருக்கேன்.