நல்லூர் அரச மனைக்கு அம்மாவின் பெயரில் இருபது இலட்சம்: யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து ஓய்வுபெற்ற அரச பாடசாலை ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கமாகத் தருகிறேன். "அம்மாவின் ஆட்டத்திவசம் (முதலாண்டு நினைவு நாள்) வருகிறது. அண்ணா லண்டனில், தம்பி ரொறன்ரோவில். மூவரும் சேர்ந்து இருபது இலட்சம் ரூபா வரை நல்லூரில் உள்ள பழைய அரச மாளிகையைத் திருத்தக் கொடுக்க நினைக்கிறோம். மந்திரி மனையைக் கடந்து போகும்போதெல்லாம் அம்மா கவலைப்படுவா. வைபர் குழு ஒன்றில் ஒருவரின் வங்கிக் கணக்கு இலக்கம் வந்திருக்கிறது. அதற்கே போடலாமா? வரிச்சலுகை கிடைக்குமா? அம்மாவின் பெயரில் ஒரு கல் பதிக்கலாமா?"

பதில்: வைபரில் வந்த அந்தக் கணக்கிற்கு ஒரு சதமும் போடாதீர்கள். அனுப்பியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் தனி ஒருவரின் கணக்குக்குப் போகும் பணத்துக்குக் கணக்காய்வு கிடையாது. நாளைக்கு அவருக்கு ஏதும் நடந்தால் அந்தப் பணம் அவருடைய முதுசத்தோடு சேர்ந்துவிடும். பொதுக் காரியத்துக்கான பணம் ஒரு நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு.

சரி, முதலில் எதைத் திருத்தப் போகிறோம் என்று பார்ப்போம். யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1623 இல் கொன்றார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621 இல் இடித்தார்கள். அரசன் இருந்த மாளிகை இன்று நிலத்துக்கு மேல் முழுமையாக இல்லை. மிஞ்சியவை என்று மக்கள் காட்டுவது சங்கிலியன் தோப்பு வளைவு, ப வடிவில் படிகட்டிய யமுனா ஏரி, பருத்தித்துறை வீதியில் நிற்கும் மந்திரி மனை ஆகியவைதான். இவற்றில் மந்திரி மனையின் இன்றைய கட்டடத்தில் ஐரோப்பியக் கைவண்ணம் தெளிவாகத் தெரிகிறது. அரசர் காலத்து மந்திரி இருந்த இடம் என்பது ஊர் மரபு. இப்போது கண்ணுக்குத் தெரியும் தூண்களும் வளைவுகளும் மர வேலைப்பாடும் பிந்திய காலத்தவை என்பதே கட்டடக்கலை அறிந்தவர்கள் சொல்வது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் "அரச மாளிகையை முன்பிருந்தது போல மீளக் கட்டப் போகிறோம்" என்று யாராவது படம் வரைந்து காட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு வரைபடம் யாரிடம் இருக்கிறது? பழைய சின்னங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறியான 1964 இன் வெனிஸ் பிரகடனம் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறது: ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும். உங்கள் பணம் நிற்பதைக் காப்பாற்றப் போகட்டும். இல்லாததைக் கற்பனையில் கட்டப் போக வேண்டாம். இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏனென்றால் புதிதாகக் கட்டிய "பழமை" உண்மையான பழைய சுவரை விழுங்கிவிடும், பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அடுத்தது சட்டம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றில் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் திருத்த வேலை செய்வது குற்றம். நல்லெண்ணத்தோடு வெள்ளையடித்தாலும் குற்றம்தான். இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு கட்டடம் வர்த்தமானியில் வந்துவிட்டால் காணியும் அரசுக்குப் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காணி தனியாரிடமோ தருமச் சொத்தாகவோ இருக்க, கட்டடத்தின் பாதுகாப்பு தொல்லியல் திணைக்களத்தின் கையில் இருக்கலாம். உரிமையாளர் சம்மதம் தராவிட்டால் திணைக்களம் தயங்கும், திணைக்களம் அனுமதிக்காவிட்டால் உரிமையாளர் கைவைக்க முடியாது. இந்த இழுபறியில்தான் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பழைய கட்டடங்கள் மழையில் கரைகின்றன. ஆகவே பணம் கேட்பவர்களிடம் இரண்டு கடதாசிகளைக் கேளுங்கள்: காணி உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம், திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி. இரண்டும் இல்லையென்றால் பணத்தை வங்கியிலேயே வைத்திருங்கள். காணி உறுதியைக் காணிப் பதிவகத்தில் யாரும் பார்க்கலாம், அதற்குப் பெரிய செலவில்லை.

கேட்பது ஒரு அமைப்பு என்றால் அது எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றும் பாருங்கள். நம்பிக்கைப் பொறுப்பாக (ட்ரஸ்ட்) இருக்கலாம், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கலாம், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த தொண்டு நிறுவனமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் சென்ற ஆண்டின் கணக்காய்வு அறிக்கையை ஒரு தயக்கமும் இல்லாமல் காட்ட வேண்டும்.

இனி, பணம் எதற்குப் போக வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்கொடையாளர்கள் மிகக் குறைவாகக் கேட்கும் கேள்வி இதுதான். கொடுப்பவர்களுக்கு முகப்பும் தூணும் பிடிக்கும். பழைய கட்டடம் சாவதோ கூரையாலும் பீலியாலும் வடிகாலாலும். எங்கள் பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். சீமெந்து ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி, மாரி முடிந்ததும் போய்ப் பாருங்கள்: சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் அழுத்தினால் பழைய சாந்து மாவாக உதிரும், அதே நேரம் சீமெந்து ஒட்டு மட்டும் கெட்டியாக அப்படியே நிற்கும். இரண்டு மாரிக்குப் பிறகு அந்த ஒட்டு, பின்னால் இருந்த கல்லையும் சேர்த்துக்கொண்டு கழன்று விழும். ஒரு மேசன் ஒரே நாளில் மலிவாகச் செய்த வேலை, சுவரையே கொன்றுவிடும்.

சுண்ணாம்பு வேலை மெதுவானது. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் போட்டு நீற்றி, ஈரம் காயாமல் மூடி, வாரக்கணக்கில் வைத்து, அரித்தெடுத்து, உப்பில்லாத மணலோடு சேர்த்து மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. வெயில் கடுமையாக அடித்தால் ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் யாழ்ப்பாணத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் பணத்தில் ஒரு பகுதி இரண்டு இளம் மேசன்மாருக்கு இந்த வேலையைப் பழக்குவதற்குப் போகுமானால், அது ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடாது.

ஆலும் அரசும் சுவரில் முளைத்திருந்தால் சிரமதானம் என்று கூடி இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேர் வரும்போது கல்லும் கூடவே வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகவைத்து, பிறகே துளையை அடைக்க வேண்டும். இதற்கும் அனுமதி வேண்டும்.

ஆகவே பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முதல் பங்கு அளவெடுத்து வரைபடம் வரைதல், ஒவ்வொரு சுவரையும் படமெடுத்தல், விழும் நிலையில் உள்ள பகுதிக்கு முட்டுக் கொடுத்தல், மழை உள்ளே இறங்காதபடி தற்காலிகக் கூரை போடுதல் ஆகியவற்றுக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் மாணவர்களை ஆவணப்படுத்தலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். இரண்டாவது பங்கு, அனுமதியும் பி.ஓ.கியூவும் (வேலைகளின் அளவும் செலவும் காட்டும் பட்டியல்) கையில் வந்த பிறகு கூரைக்கும் நீர் வடிகாலுக்கும். மூன்றாவது சுவர் வேலைக்கு. அப்புறம் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியில் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றுவது, பீலி துப்புரவாக்குவது என்று எழுத்தில் போடச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததால் மறுபடி பாழான திருத்தங்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

காசு மட்டும்தான் கொடை என்றில்லை. பழைய நாற்சார் வீடுகளை இடிக்கும்போது கழற்றும் ஓடுகள், பனை வளைகள், சிலாகைகள், கதவுகள் எல்லாம் விலைபோகின்றன, அல்லது விறகாகின்றன. அதே வகைப் பொருள் பழுதுபார்க்கத் தேவைப்படும்போது புதிதாகக் கிடைக்காது. உங்கள் உறவில் யாராவது வீடு இடிக்கப் போகிறார்கள் என்றால் முதலில் அந்த அமைப்பிடமும் திணைக்களத்திடமும் சொல்லிப் பாருங்கள். அம்மாவின் பெட்டியில் நல்லூர்ப் பக்கத்துப் பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் நகலெடுத்துக் கொடுங்கள். தூணின் மேற்பகுதி எப்படி இருந்தது என்று ஒரு கலியாணப் படத்தின் பின்னணி சொல்லிவிடக் கூடும்.

வரி விடயம் சுருக்கமாக. உங்கள் அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை, ஆகவே வேறு வரிக்குரிய வருமானம் இருந்தால்தான் உங்களுக்குச் சலுகை பொருந்தும். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுக்கும் பணத்துக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அதுவே கழிவு. அந்த அங்கீகாரம் நோயாளரையும் ஏழைகளையும் பராமரிக்கும் நிறுவனங்களை மனதில் வைத்தது, மரபுரிமை அமைப்புகள் அதற்குள் இலகுவில் வராது. அரசுக்கோ உள்ளூராட்சி சபைக்கோ கொடுத்தால் அந்த உச்சவரம்பு இல்லை. கொடுக்கும் ஆண்டில் விதி மாறியிருக்கிறதா என்று ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

அண்ணாவுக்கு நிலைமை நல்லது. அவர் பிரித்தானியாவில் வரி கட்டுபவராக இருந்து, அங்கே பதிவான தரும நிறுவனம் ஒன்றின் ஊடாகக் கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசு சேர்க்கும். ஆயிரம் பவுண் 1,250 ஆகும். நேரே இங்கு அனுப்பினால் அது கிடைக்காது. தம்பியும் அப்படித்தான், கனடா வருமான முகவரகத்தில் பதிவான தரும நிறுவனம் தரும் பற்றுச்சீட்டு மட்டுமே செல்லும். அந்தப் பட்டியலை இணையத்தில் பெயர் போட்டுத் தேடலாம். இருவரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்மூலம் பணம் மாற்றும் வழியில், அனுப்ப வேண்டாம். விரைவாக வரும், ரேட்டும் கூடக் கிடைக்கும். ஆனால் அந்தப் பணத்துக்கு எங்கேயும் தடம் இருக்காது, வாங்கும் அமைப்பின் கணக்காய்விலும் அது சிக்கலாகும்.

அம்மாவின் பெயர்க் கல். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சுவரில் எதையும் பதிக்கக் கேட்காதீர்கள், கேட்டாலும் கிடைக்கக் கூடாது. வளவுக்குள் வைக்கும் விளக்கப் பலகையில் ஒரு வரியாகப் போடலாம், அல்லது அளவீட்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் போடலாம். நான் இரண்டாவதைத்தான் தெரிந்தெடுப்பேன். அம்மா கவலைப்பட்ட கட்டடத்தைப் பற்றி இனி எழுதும் ஒவ்வொருவரும் அந்த அறிக்கையைத்தான் திறப்பார்கள்.

ஆட்டத்திவசத்துக்குள் வேலை தொடங்க வேண்டும் என்று நாள் குறிக்க வேண்டாம், அனுமதிக்கு மாதங்கள் எடுக்கும். அந்த நாளில் செய்யக்கூடியது இது: மூவரும் ஒப்பமிட்டு, தொல்லியல் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தச் சின்னத்துக்கு, எவ்வளவு, எந்தக் கட்டங்களில் கொடுக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லி, அந்தச் சின்னத்துக்கு இப்போது பாதுகாப்புத் திட்டம் ஏதும் தயாராக உள்ளதா, காணி யார் பெயரில், வெளியார் நன்கொடையை எந்தக் கணக்கினூடாக ஏற்பார்கள் என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியை நல்லூர் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, கையேற்ற முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.